காவல்கூலி போய் ரேகை வந்த கதை: மதுரைச் சீமையில் களவை ஒழித்தது எது?

வைகைமேடு எழுதியது:

வெள்ளைக்காரன் வந்துதான் நம் ஊரில் கொள்ளையை ஒழித்தான் என்ற பேச்சு இன்னமும் ஓயவில்லை. ரயில் பாதை பற்றிய இழையிலும் ஒருவர் அதையே எழுதியிருந்தார். அங்கே பதில் சொன்னால் பேச்சு திசைமாறிவிடும் என்பதால் தனி இழையாகத் தொடங்குகிறேன். மதுரைக்கு மேற்கே உசிலம்பட்டி, செக்கானூரணி, கருமாத்தூர் வட்டாரத்தில் என்ன நடந்தது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கும்பெனி ஆட்சிக்கு முன்பு ஊர்க்காவல் என்பது கூலியுள்ள ஒரு வேலை. பாளையக்காரருக்குப் போவது தேசகாவல், ஊருக்குள் இருக்கும் காவல்காரருக்குப் போவது தலகாவல். அறுவடைக் களத்திலேயே காவல்காரரின் பங்கு தானியமாக அளந்து தரப்படும். பதிலுக்கு அவருக்கும் ஒரு கடமை உண்டு. தன் காவலில் உள்ள ஊரில் மாடு போனால் கண்டுபிடித்துத் தரவேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்டவேண்டும். இந்த வட்டாரத்துச் சாதியினரான பிரமலைக் கள்ளர்கள் மதுரையைச் சுற்றிய ஏராளமான ஊர்களில் இந்தக் காவலைப் பார்த்தார்கள். மழையை மட்டும் நம்பிய அவர்களின் மேட்டு நிலத்தில் விளைவது வயிற்றுக்குப் போதாது. காவல்கூலிதான் அதை ஈடுகட்டியது.

பாஞ்சாலங்குறிச்சிப் போர்கள் முடிந்த கையோடு கும்பெனி இதில் கை வைத்தது. திருநெல்வேலி கலெக்டர் லஷிங்டன் பாளையக்காரர்களின் காவல் வசூலைக் கொள்ளை என்றே எழுதினார். தேசகாவல் உரிமை கும்பெனி கைக்குப் போனது. 1801 கடைசியில் வந்த பிரகடனம் தெற்கத்திப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தது. 1816-இல் வந்த ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்ப் போலீஸ் பொறுப்பை மணியக்காரரிடம் கொடுத்தது. காவல்காரருக்குக் களத்துமேட்டில் இருந்த பங்கு சட்டப்படி இல்லாமல் போனது. ஆனால் அந்த இடத்துக்கு வேறு காவலும் வரவில்லை. சம்பளப் போலீஸ் என்று ஒன்று 1859-க்குப் பிறகுதான் உருவானது. அதுவும் தாலுகாவுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான். அதனால் காவல் அழியவில்லை, சட்டத்துக்கு வெளியே போய்த் தொடர்ந்தது. வாங்குகிறவர் அதைப் பழைய உரிமை என்றார், அரசு மிரட்டிப் பறிப்பது என்றது.

அதற்கு நூறு வருடம் கழித்து வந்தது, ஒரு சமூகத்தையே குற்றவாளிகளாகப் பட்டியலில் எழுதி விரல்ரேகை எடுக்கும் குற்றப்பரம்பரைச் சட்டம், எங்கள் பக்கத்து வாய்வழக்கில் ரேகைச் சட்டம். 1914-இல் கீழக்குயில்குடியில் தொடங்கி 1918-க்குள் பிரமலைக் கள்ளர் முழுவதும் அதன் கீழ் வந்துவிட்டார்கள். திருடியவர், திருடாதவர், நிலம் வைத்திருந்தவர், இல்லாதவர் என்று எந்த வித்தியாசமும் கிடையாது. 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க முடியாது என்று எதிர்த்து நின்றார்கள். போலீஸ் சுட்டது. ஊர் நினைவில் 16 பேரின் பெயர்கள் இருக்கின்றன. அதில் ஒன்று மாயக்காள். அடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க வந்தவர் அவர்.

ஊரைக் காத்தவனின் கூலியைப் பறித்து, நூறு வருடம் அவனை அந்தரத்தில் விட்டுவிட்டு, கடைசியில் அவன் பேரப்பிள்ளைகளைப் பிறவிக் குற்றவாளி என்று எழுதிவைத்தது ஓர் அரசு. அந்த அரசு கொள்ளையை ஒழித்தது என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஏடுதேடி எழுதியது:

வைகைமேடு அண்ணே, சட்டம் கொடுமையானது என்பதில் மறுபேச்சு இல்லை. ஆனால் நீங்கள் சொன்ன கதையில் ஒரு தரப்பு விடுபட்டிருக்கிறது. மாட்டைப் பறிகொடுத்தவர் அதில் எங்கே?

காவல் என்பது நடைமுறையில் எப்படி இருந்தது என்றால், பணம் கொடுக்காத ஊரில்தான் களவு நடக்கும். வைக்கோல் படப்பு எரியும், உழவு மாடு காணாமல் போகும். பிறகு இடையில் ஓர் ஆள் வருவார். மாட்டின் விலையில் ஒரு பங்கைத் துப்புக்கூலியாகக் கொடுத்தால், இன்ன இடத்தில் போய்ப் பார் என்பார். போனால் மாடு கட்டிக் கிடக்கும். போலீசில் புகார் கொடுத்தால் மாடு ஒருநாளும் திரும்பாது. இரண்டு ஏர் மாடு வைத்துப் பிழைக்கிற குடியானவனுக்கு மாடு போனால் அந்த வருடச் சாகுபடியே போய்விட்டது என்று அர்த்தம்.

இதை அரசு எழுதிவைத்த கட்டுக்கதை என்று தள்ளிவிட முடியாது. 1896 வாக்கில் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் குடியானவர்கள் தாங்களே எழுந்த பண்டு இயக்கம் ஒன்று உண்டு. அமையப்பக் கோன் என்பவர் தொடங்கிவைத்தது. ஊருக்கு ஊர் பணம் சேர்த்துப் பண்டு வைத்தார்கள். கள்ளர் காவலை நிறுத்தினார்கள். அதனால் யாருக்காவது மாடு போனால் பண்டிலிருந்து ஈடு கொடுத்தார்கள். வெட்டரிவாள், கம்போடு பெரிய கூட்டங்கள் கூடின. கள்ளர் வீடுகள் எரிக்கப்பட்டன, குடும்பங்கள் ஊரைவிட்டு விரட்டப்பட்டன. இரண்டு பக்கமும் வன்முறை நடந்தது. அவ்வளவு ஆத்திரம் ஊரில் இருந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணமும் இருந்திருக்க வேண்டும் அல்லவா?

தேனிக்காற்று எழுதியது:

நடுவில் ஒரு சந்தேகம். பள்ளிக்கூடத்தில் 'தக்கர்களை ஒழித்தார் பெண்டிங்க்' என்று ஒரு வரி மனப்பாடம் செய்திருக்கிறோம். வடநாட்டில் நடந்த அதற்கும் நம் ஊர் ரேகைச் சட்டத்துக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

சட்டப்பிரதி எழுதியது:

நேரடித் தொடர்பு இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் ரேகைச் சட்டமான 1911 சட்டத்தைப் படித்தால் அது எங்கிருந்து குதித்தது என்றே தெரியாது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தக்கர் எனப்பட்ட, சுருக்குப் போட்டுக் கொல்லும் வழிப்பறிக் கூட்டத்தைப் பற்றிய முதல் விரிவான ஆங்கிலக் கட்டுரை சென்னையிலிருந்துதான் போனது. செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த ரிச்சர்ட் ஷெர்வுட் 1816-இல் எழுதியது அது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சித்தூர், வடஆற்காடு பக்கம் சிலர் பிடிபட்டிருந்தார்கள். ஷெர்வுட்டுக்கு விவரம் அங்கிருந்து கிடைத்தது. பிறகு நர்மதைப் பக்கம் ஸ்லீமன் என்ற கும்பெனி அதிகாரி 1830களில் பெரிய வேட்டையைத் தொடங்கினார்.

ஸ்லீமனின் முறை அப்ரூவர் முறை. பிடிபட்டவனுக்குத் தூக்குக் கிடையாது என்று வாக்குக் கொடுத்து, கூட்டாளிகளைக் காட்டச் சொல்வது. ஃபெரிங்கியா என்ற தலைவன் அப்படித்தான் அப்ரூவர் ஆனான். பிணக்குழிகளைத் தோண்டிக் காட்டினான். கொலைகள் நடந்தன, எலும்புகள் கிடைத்தன. ஆனால் இன்ன கொலையை இன்ன ஆள் செய்தான் என்று நிரூபிப்பது கடினமாக இருந்தது. அதற்காகவே வந்தது 1836-ஆம் ஆண்டின் 30-ஆவது சட்டம். எந்தக் கொலையும் செய்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. சட்டம் வருவதற்கு முன்போ பின்போ தக்கர் கூட்டம் ஒன்றைச் சேர்ந்தவனாக இருந்தான் என்று காட்டினால் போதும், ஆயுள் முழுக்கக் கடுங்காவல்.

நம் கதைக்கு மூலம் இங்கே இருக்கிறது. செய்த செயலுக்குத் தண்டனை என்பது போய், சேர்ந்திருந்த கூட்டத்துக்குத் தண்டனை என்று ஆனது. அப்ரூவர்களையும் வெளியே விடவில்லை. ஜபல்பூரில் தொழிற்கூடம் வைத்து, குடும்பத்தோடு அடைத்து, கம்பளமும் கூடாரமும் நெய்யவைத்தார்கள். அவர்கள் பிள்ளைகளும் அங்கேயே வளர்ந்தார்கள். பிற்காலக் குடியேற்ற முகாம்களுக்கு இது முன்மாதிரி.

1871-ஆம் ஆண்டின் 27-ஆவது சட்டம் இன்னும் ஒரு படி தாண்டியது. கூட்டம் என்பது இப்போது பிறப்பால் அமைந்த குழு. தச்சன் மகன் தச்சன் ஆவதுபோல் திருடன் மகன் திருடன் ஆகிறான் என்ற எண்ணம்தான் அதன் அடிப்படை. முதலில் வடக்கே பஞ்சாப், வடமேற்கு மாகாணம், அவத் பகுதிகளில் அமலானது, 1876-இல் வங்காளத்துக்கு நீண்டது. சென்னை மாகாணத்துக்கு 1911 சட்டத்தோடுதான் வந்தது. 1924-இல் எல்லாவற்றையும் தொகுத்து 6-ஆவது சட்டம் ஆக்கினார்கள்.

முக்கியமான பிரிவுகளைச் சொல்கிறேன். அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டால் ஒரு சமூகம் முழுவதும் குற்றப்பழங்குடி. அந்த அறிவிக்கை செல்லாது என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது. பதிவு செய்தவர்களிடம் விரல்ரேகை எடுக்கலாம். பத்தாவது பிரிவின்படி அவர்கள் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், தங்குமிடத்தையும் இடமாற்றத்தையும் தெரிவிக்க வேண்டும். பிரிவு 23 இன்னும் கடுமை. பட்டியலில் உள்ள குற்றங்களில் இரண்டாம் முறை தண்டனை பெற்றால் ஏழு வருடத்துக்குக் குறையாத சிறை, மூன்றாம் முறை ஆயுளுக்கும் நாடு கடத்தல். அதே குற்றத்தை அதே ஊரில் வேறு ஒருவர் செய்தால் அவருக்கு இந்தக் கணக்கு எதுவும் கிடையாது.

வைகைமேடு எழுதியது:

சட்டப்பிரதிக்கு நன்றி. ஏடுதேடி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாட்டைப் பறிகொடுத்தவரை நான் மறக்கவில்லை. துப்புக்கூலி இருந்தது, அது பல குடும்பங்களை அழித்தது, அதை மறைத்துப் பேசினால் இந்த இழைக்கே மரியாதை இல்லை.

ஆனால் நீங்கள் சொன்ன பண்டு இயக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். குடியானவர்கள் ஏன் தாங்களே கம்பு தூக்கினார்கள்? 80 வருடமாகப் புகார் கொடுக்க ஆள் இல்லாததால்தான். காவலைச் சட்டவிரோதம் ஆக்கிய அரசு, குடியானவனையும் காப்பாற்றவில்லை, காவல்காரனுக்கும் வேறு வழி காட்டவில்லை. இரண்டு ஏழைகளும் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் நிலையில் விட்டுவிட்டு, பிறகு சட்டம் ஒழுங்கு என்று வந்து நின்றது.

இன்னொன்று, துப்புக்கூலி வாங்கியவர்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். போலீசுக்கும் தெரியும். அவர்களைத் தனித்தனியாகப் பிடித்து வழக்கு நடத்த சாட்சி வேண்டும், ஆட்கள் வேண்டும், செலவு வேண்டும். ஒரு சமூகத்தையே பட்டியலில் எழுதிவிட்டால் எதுவும் வேண்டாம். ராத்திரி பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுத்தால் போதும். இந்தச் சட்டம் குறைந்த செலவில் ஆட்சி நடத்துவதற்கான ஏற்பாடு என்பதே என் எண்ணம்.

மேலூர்க்காரன் எழுதியது:

எங்கள் மேலூர் பக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். கும்பெனி ஆவணங்களில் 18-ஆம் நூற்றாண்டில் அதிகம் திட்டு வாங்கியவர்கள் மேலூர் நாட்டார்கள்தான், உசிலம்பட்டிக்காரர்கள் இல்லை. 1755-இல் கர்னல் ஹெரான் படை திருமோகூர்க் கோயிலில் புகுந்து சிலைகளை அள்ளிக்கொண்டு போனது. அந்தப் படை நத்தம் கணவாயைக் கடக்கும்போது எங்கள் ஆட்கள் தாக்கிச் சிலைகளை மீட்டார்கள். கோயிலைக் கொள்ளையடித்தது கும்பெனிப் படை. ஆனால் கொள்ளைக்காரன் என்று எழுதப்பட்டது யார் என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. 1895-இல் பெரியாறு அணை திறந்தது. தண்ணீர் வைகை வழியாக மேலூர் வரை வந்தது. புன்செய் எல்லாம் நன்செய் ஆனது. அடுத்த இருபது வருடத்தில் எங்கள் பக்கம் களவுப் பேச்சே குறைந்துவிட்டது. அதனால்தான் ரேகைச் சட்டம் மேலூரைப் பெரும்பாலும் தொடவில்லை. உசிலம்பட்டி மேடு. அங்கே பெரியாற்றுத் தண்ணீர் ஏறவில்லை. இரண்டு பக்கமும் கள்ளர்கள்தான், குலதெய்வக் கும்பிடும் வீரக்கதையும் ஏறக்குறைய ஒன்றுதான். தண்ணீர் வந்த இடத்தில் விவசாயி, வராத இடத்தில் குற்றப்பரம்பரை. ரத்தத்தில் குற்றம் ஓடுகிறது என்று எழுதிய அதிகாரிகளுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

நெறியாளர்:

இழை நன்றாகப் போகிறது. எந்தச் சாதி வீரமானது, எது தாழ்ந்தது என்ற திசையில் வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். வரலாற்றை மட்டும் பேசுங்கள்.

கருமாத்தூர்ப் பேரன் எழுதியது:

சட்டத்தின் பிரிவுகளை எழுதினீர்கள். அது வீட்டுக்குள் எப்படி இருந்தது என்று எங்கள் அப்பத்தா சொல்லக் கேட்டதை எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்ததும் ஆம்பிளைகள் எல்லாரும் சாவடிக்குப் போய்விட வேண்டும். அங்கேயே படுக்க வேண்டும். நடுச்சாமத்தில் பெயர் கூப்பிடுவார்கள், எழுந்து குரல் கொடுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணம் ஆனவருக்கும் அதே விதிதான். வெளியூர்ச் சந்தைக்கோ, கேதம் விசாரிக்கவோ போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். போன ஊரில் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்கி வர வேண்டும். ராத்திரி வீட்டில் ஆம்பிளையே இல்லாததால் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூட ஆள் கிடையாது. கமலை இறைப்பதெல்லாம் விடியற்காலை இருட்டில் நடக்கும் வேலை. பயிரைச் சாகவிட்டுவிட்டுத்தான் சாவடியில் படுத்திருந்தார்கள் என்று அப்பத்தா சொல்லும்போது குரல் மாறிவிடும். விவசாயம் பாருங்கள், திருடாதீர்கள் என்று சொன்ன அரசுதான் விவசாயம் பார்க்கும் நேரத்தில் ஆளை அடைத்துவைத்தது.

ஏடுதேடி எழுதியது:

கருமாத்தூர்ப் பேரன், இதை எழுதியதற்கு நன்றி. மேலூர்க்காரன் சொன்ன தண்ணீர்க் கணக்கை நானும் ஒப்புக்கொள்கிறேன். அதற்கு வலு சேர்ப்பதாக இன்னொன்றும் உண்டு.

சென்னை மாகாணத்தில் கூட்டுக்கொள்ளை வழக்குகள் எந்த ஆண்டுகளில் ஏறின என்று பார்த்தால், 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தில் எகிறின. முதல் உலகப் போர் முடியும் 1918-இல் அரிசி விலை ஏறியபோது மறுபடி. அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 391-ஆவது பிரிவுப்படி ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து பறித்தாலே அது கூட்டுக்கொள்ளை. பசியில் ஊரே திரண்டு வியாபாரியின் தானிய வண்டியை மறித்தாலும் அதே பிரிவுதான், தீவட்டிக் கொள்ளைக்காரனுக்கும் அதே பிரிவுதான். இரண்டும் ஒரே தலைப்பில் போய்ச் சேர்ந்துவிட, அறிக்கை வாசிப்பவருக்கு மாகாணம் முழுக்கக் கொள்ளைக்கூட்டம் திரிவதுபோல் தெரியும். நெல் விலையோடு ஏறி இறங்கும் ஒன்றை எப்படிப் பரம்பரைக் குணம் என்று சொல்ல முடியும்?

ஆனாலும் ஒன்றில் நான் நகர மாட்டேன். துப்புக்கூலியை வீரமாகவோ வெள்ளையருக்கு எதிரான போராட்டமாகவோ இன்று சிலர் எழுதுகிறார்கள். பறிகொடுத்தவர்கள் வெள்ளையர்கள் இல்லை. அவர்களும் இதே மண்ணின் சம்சாரிகள்தான்.

தேனிக்காற்று எழுதியது:

இவ்வளவு நேரம் ஒரே சமூகத்தைப் பற்றியே பேசுகிறோம். குறவர்கள் நிலைமை? அவர்களுக்கு ஊர், நாடு, வக்கீல் எதுவும் கிடையாதே.

சட்டப்பிரதி எழுதியது:

நல்ல கேள்வி. பெருங்காமநல்லூர் அளவுக்கு அவர்கள் கதை பேசப்படுவதில்லை.

குறவர்களிலும் தெலுங்குப் பக்கத்து எருகுலர்களிலும் ஒரு பெரும் பகுதியினர் மாட்டின் முதுகில் பொதி ஏற்றிக் கடற்கரையிலிருந்து உப்பு கொண்டுபோய் உள்நாட்டில் தானியத்துக்கு மாற்றியவர்கள். உப்பு அரசின் ஏகபோகம் ஆனது, ரயில் வந்தது. பொதிமாட்டு வியாபாரம் செத்தது. காடுகளைச் சட்டம் போட்டு மூடியதும் மேய்ச்சலும் மூங்கிலும் போயின. பிழைப்பு போனபின் ஊர் ஊராகத் திரிகிறார்கள் என்பதையே குற்றமாக எழுதினார்கள்.

இவர்களுக்குக் குடியேற்ற முகாம்கள். பலவற்றை நடத்தும் பொறுப்பைச் சால்வேஷன் ஆர்மி போன்ற மிஷன் அமைப்புகளிடம் கொடுத்தார்கள். குண்டூர் பக்கம் இருக்கும் ஸ்டூவர்ட்புரம் அப்படி வந்தது. ஹெரால்ட் ஸ்டூவர்ட் என்ற அதிகாரியின் பெயரை வைத்தார்கள். அங்கிருந்தவர்களைச் சீராலாவில் இருந்த புகையிலைத் தொழிற்சாலை வேலைக்கு அனுப்பினார்கள். நம் பக்கம் விருத்தாசலம் அருகே அஜீஸ் நகர். முகாமைவிட்டு அனுமதி இல்லாமல் வெளியேறினால் அதுவே குற்றம். வேலையை மறுக்க முடியாதவனுக்குக் கூலி எந்த அளவில் நிற்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கள்ளர்களுக்கு நிலம் இருந்தது, எண்ணிக்கை இருந்தது, நாட்டாண்மை இருந்தது. 1930களில் ராமநாதபுரம் பக்கத்து ஆப்பநாட்டு மறவர்கள் மீதும் சட்டம் பாய்ந்தபோது முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய் எதிர்ப்பைத் திரட்டினார். குறவர்களுக்காக அப்படி யாரும் எழவில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் நீங்கியது, நாடு முழுக்க 1952 ஆகஸ்ட் 31-இல். ஆனால் 1948-லேயே வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் ஒன்று சென்னையில் வந்துவிட்டது. பரம்பரை என்ற சொல் ஏட்டில் இல்லை. ஆனால் எங்காவது களவு போனால் முதலில் எந்தக் குடிசையைத் தட்டுகிறார்கள் என்று குறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வைகைமேடு எழுதியது:

வக்கீல் என்றதும் ஜார்ஜ் ஜோசப் பெயரைச் சொல்லாமல் இருக்க முடியாது. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வக்கீல் தொழில் பார்த்தவர். இந்தச் சட்டத்தை எதிர்த்து எழுதினார், வழக்காடினார். 1938-இல் இறக்கும் வரை எங்கள் சனத்துக்கு அவர் ரோசாப்பூ துரை. மதுரையில் அவருக்குச் சிலையும் இருக்கிறது.

ஏடுதேடி, சம்சாரிகள் பற்றி நீங்கள் சொன்னதை அப்படியே ஏற்கிறேன். அப்படியானால் களவை எது குறைத்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு அரசுக்கே கொஞ்சம் உறைத்தது. கள்ளர் சீரமைப்பு என்று ஒரு தனி ஏற்பாட்டைத் தொடங்கியது. பள்ளிகள், விடுதிகள், கூட்டுறவுச் சங்கங்கள், கிணறு வெட்டக் கடன் எல்லாம் வந்தன. சிலரைப் பஞ்சாலைகளுக்கும் மலைத் தோட்டங்களுக்கும் அனுப்பினார்கள். ஒரு கையில் ரேகை, இன்னொரு கையில் சிலேட்டு. சிலேட்டைப் பிடித்துக்கொண்டு மேலே வந்தவர்கள்தான் இன்றைய வாத்தியார்களும் போலீஸ்காரர்களும் பட்டாளத்துக்காரர்களும். மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் அந்தப் பள்ளிகள் முந்நூறுக்கு அருகில் இன்றும் ஓடுகின்றன. 2023-இல் அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்க்கப்போவதாக அறிவிப்பு வந்தபோது எங்கள் பக்கம் அவ்வளவு கொதிப்பு எழுந்ததற்குக் காரணம் இதுதான். 16 உயிர் கொடுத்து வாங்கிய பள்ளிக்கூடம் என்றுதான் சனம் நினைக்கிறது.

சாதிச் சான்றிதழ் விஷயமும் அப்படித்தான். ரேகைச் சட்டப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்ட சமூகங்களுக்குச் சீர்மரபினர் என்று பெயர். சீர்மரபினர் பழங்குடி என்று இருந்ததை 1979-இல் சீர்மரபினர் வகுப்பு என்று மாற்றினார்கள். பல வருடம் போராடி 2019-இல் மத்திய அரசுக்கு ஒன்று, மாநிலத்துக்கு ஒன்று என்று இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது. 2024-இல் ஒற்றைச் சான்றிதழ் என்று அறிவிப்பு வரும் வரை, பிள்ளைக்கு விண்ணப்பம் போடும்போது எதை இணைப்பது என்று தாலுகா ஆபீசில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் தகப்பன்மாரை உசிலம்பட்டியில் பார்க்க முடிந்தது.

மேலூர்க்காரன், தண்ணீர் பற்றி நீங்கள் சொன்னதற்கு ஒன்று சேர்க்கிறேன். பெரியாற்றில் எங்களுக்குக் கிடைக்காததைத்தான் 58 கிராமக் கால்வாய் என்று பல பத்தாண்டுகளாகக் கேட்டு வாங்கினோம். கால்வாய் வெட்டியாகிவிட்டது. வைகை அணையில் மட்டம் ஏறினால்தான் அதில் தண்ணீர் வரும், நிரந்தர அரசாணை வேண்டும் என்று இன்னமும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறோம். அதற்குத் தனி இழை போடலாம், அணை மட்டக் கணக்கு தெரிந்தவர்கள் அங்கே வந்து எழுதுங்கள்.